பூந்தமல்லிக்காரர் கேட்டுவந்த பதில்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் யூனிட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரு கால்மணி நேரம் சேர்ந்து நிற்கிற இடம். அங்கே நடக்கிற ஆன்மிக விசாரம் எந்த மடத்துக்கும் இளைத்ததல்ல. கொஞ்ச நாள் முன்பு, சிஎன்சி மெஷினில் வேலை செய்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, காலையில பத்து நிமிஷம் சாமி முன்னாடி கண்ண மூடி உக்கார்றேன். அந்தப் பத்து நிமிஷத்துலதான் இஎம்ஐ, ஓவர்டைம் காசு, ஊர்ல நிலத்தகராறு எல்லாம் வரிசை கட்டி வருது. உக்காராம இருந்தாக்கூட இவ்வளவு ஞாபகம் வராது போலிருக்கு. என்ன பண்றது?"

ஒருவர் திருவண்ணாமலைக்குப் போய்விட்டு வா என்றார். ஒருவர் போனை அணைத்துவிட்டு உட்கார் என்றார். இன்னொருவர், ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது என்ன அவசரம் என்றார். கடைக்காரர் மட்டும் நடைமுறையாகப் பேசினார்: "இங்க நூத்திருபது ரூபா பாக்கி இருக்கு. அதையும் அந்தப் பத்து நிமிஷத்துல சேர்த்துக்கப்பா."

எனக்கு அந்த நேரத்தில் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் "எங்கேயாவது போ" என்கிற அந்த யோசனை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம், நாம் இருக்கிற பக்கம் அப்படிப்பட்ட பக்கமில்லை. திருநின்றவூர், திருமுல்லைவாயில், திருவேற்காடு, பூந்தமல்லி, திருமழிசை, குன்றத்தூர் என்று ஒரு சுற்றுச் சுற்றினால், பைக்கில் பாதி நாள் கூட ஆகாது. இதற்குள் ஒரு ஆழ்வார், இரண்டு நாயன்மார்கள், ராமானுஜருக்கு வழிகாட்டிய ஒருவர், பெரியபுராணம் எழுதியவர் என்று இத்தனை பேர் பிறந்திருக்கிறார்கள். இவர்கள் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. உலகத்தை விட்டுக் காட்டுக்கு ஓடிப்போய் மனசை அடக்கியதாக இந்தக் கதைகள் எதுவும் பேசவில்லை. எல்லாரும் ஏதோ ஒரு வேலையாக இருக்கிறார்கள்.

பூசலாரிலிருந்து தொடங்குகிறேன். ஆவடி தாண்டி இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். இன்றைக்கு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே மனைப்பிரிவு விளம்பரம்தான் நினைவுக்கு வரும். "ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்" என்று போட்டிருப்பார்கள், யார் ஓடினால் ஐந்து நிமிடம் என்று போட்டிருக்க மாட்டார்கள். அந்த ஊரில் ஒரு செண்டு நிலம், ஒரு செங்கல் இல்லாமல் கோயில் கட்டியவர் பூசலார்.

கதை எல்லாருக்கும் தெரியும். மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். சேக்கிழார் அப்படி முடிக்கவில்லை. முதலில், பூசலார் நிஜமான கோயில் கட்டத்தான் ஆசைப்பட்டார். பணத்துக்கு அலைந்தார். கிடைக்கவில்லை. எதுவும் தேறாது என்று ஆன பிறகுதான் உள்ளே திரும்புகிறார். உள்ளே போயும் கண்ணை மூடியவுடன் கோபுரம் எழும்பிவிடவில்லை. அங்கேயும் முதலில் நிதி திரட்டுகிறார், கொஞ்சம் கொஞ்சமாக. கட்டுமானத்துக்கு வேண்டிய பொருள்களைச் சேர்க்கிறார். தச்சர்களைத் தேடிப் பிடிக்கிறார். நல்ல நாள் பார்க்கிறார். ஆகமத்தில் சொன்னபடி அடித்தளம் போடுகிறார். இரவிலும் கண்மூடாமல் வேலை நடக்கிறது. அடுக்கடுக்காக எழுப்பி, அளவு பிசகாமல் விமானம் வைத்து, சுதை பூசி, மதில், கிணறு, குளம் எல்லாம் முடித்து, கடைசியில் சிவனை நிறுவ ஒரு நாள் குறிக்கிறார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இது காலியான மனசு இல்லை. ஒரு மேஸ்திரியின் மனசு. நாளைக்கு என்ன வேலை, எத்தனை ஆள், எது குறைகிறது என்று ஓடிக்கொண்டே இருக்கிற மனசு. தியான வகுப்புகளில் எண்ணங்களை விடு, வெறுமையாக்கு என்கிறார்கள். சிலருக்கு அது கைகூடலாம், நான் மறுக்கவில்லை. பூசலார் வழி நேர் எதிர். மனசு எப்படியும் கணக்குப் போடும், திட்டம் போடும், அலையும். சரி, இதோ ஒரு கோயில், இதைப் பற்றிக் கணக்குப் போடு என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். சொந்தமாக வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். அந்த ஒன்றரை வருஷம் தூக்கத்தில் கூட ஜல்லியும் சிமெண்டும்தான். யாரும் அவர்களிடம் மனதை ஒருமுகப்படுத்துங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

டீக்கடைத் தம்பிக்குப் பிறகு ஒரு நாள் இதைத்தான் சொன்னேன். சும்மா கண்ணை மூடி உட்காராதே, மனசுக்கு ஒரு வேலை கொடு, கையால் ஏதாவது செய் என்று. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக்காரர்களோடு சேர்ந்து ஒரு கோயிலில் புல் பிடுங்கப் போனான். திரும்பி வந்து சொன்னான்: "முதுகு போச்சுண்ணே. ஆனா இஎம்ஐ ஞாபகம் வரல. பக்கத்துல இருந்தவன் வேரோட புடுங்கலியேன்னுதான் கோவம் கோவமா வந்துச்சு." அதுவும் ஒரு முன்னேற்றம் என்றுதான் நான் நினைக்கிறேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

பூசலார் குறித்த அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ அரசன் தான் கட்டிய கற்றளிக்கும் நாள் குறித்திருந்தான். முந்தின இரவு கனவில் சிவன் வந்து, நாளைக்கு நான் திருநின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன்னுடையதை வேறு நாளைக்கு வைத்துக்கொள் என்று சொல்லிவிடுகிறார். அரசன் திருநின்றவூர் வந்து விசாரித்தால், அப்படி ஒரு கோயிலே இல்லை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது பூசலாரே திகைத்துப் போகிறார். உள்ளே நடந்த வேலை வெளியே எப்படித் தெரிந்தது என்று.

சேக்கிழார் அந்த அரசன் பெயரைச் சொல்லவில்லை. அது ராஜசிம்ம பல்லவன் என்றும், அந்தக் கற்றளி 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கைலாசநாதர் கோயில் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். அதற்குச் சுவையான ஓர் ஆதாரம் காட்டுகிறார்கள். கைலாசநாதர் கோயிலில் உள்ள ராஜசிம்மனின் சமஸ்கிருதக் கல்வெட்டு, கலியுகத்தில் அசரீரி கேட்டவன் என்று அவனைப் புகழ்கிறது. அந்தக் குரல் என்ன சொன்னது என்று கல்வெட்டில் இல்லை. அது பூசலார் விஷயம்தான் என்பது பின்னால் வந்தவர்கள் போட்ட முடிச்சு. முடிச்சு இறுக்கமானதா என்பதை வல்லுநர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த முடிச்சு பிடித்திருக்கிறது.

இப்போது திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் கல்லிலும் சுண்ணாம்பிலும் நிஜமாகவே இருக்கிறது. கருவறையில் லிங்கத்தோடு பூசலாரும் இருக்கிறார். இதய நோய்க்காரர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

திருவேற்காட்டுக்காரரைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் தயக்கம். திருவேற்காடு என்றால் எல்லாரும் கருமாரியம்மனைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். பக்கத்தில் வேதபுரீஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். அந்த ஊர்தான் மூர்க்க நாயனாருக்கு. அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் கரைந்தது. அதற்கப்புறம் கையில் இருந்த ஒரே திறமை சூதாட்டம். அதை வைத்துச் சோறு போட்டார். முதல் ஆட்டத்தைத் தோற்பார், பிறகு ஜெயிப்பார். ஜெயித்த பணத்தைத் தன் கையால் தொடாமல் சமையல்காரர்களிடம் சேர்த்துவிடுவார். பணம் கொடுக்காமல் ஏமாற்றியவர்களைக் குத்தவும் செய்தார், பெயரும் அப்படித்தான் வந்தது. ஆன்லைன் ரம்மி ஆடுகிற யாரிடமும் இந்தக் கதையைச் சொல்லாதீர்கள், உடனே தன்னை அறுபத்து நாலாவது ஆளாக்கிக்கொள்வார். எனக்கே இந்தக் கதை முழுசாகச் செரிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். உலகத்தில் மனிதனை இழுத்து அமுக்குகிற பெரிய பள்ளம் எதுவோ, அதற்குள்ளேயே நின்றவரையும் சேக்கிழார் பட்டியலில் வைத்திருக்கிறார். பணம் எங்கே போகிறது என்பதில் மட்டும் அந்த ஆள் அசையவில்லை.

சேக்கிழார் பற்றியும் ஒரு வார்த்தை. பூந்தமல்லியிலிருந்து மாங்காடு வழியாகப் போனால் குன்றத்தூர், அவர் ஊர். இரண்டாம் குலோத்துங்கனிடம் (1133–1150) அமைச்சர். அரசன் சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்ததைப் பார்த்து, அதிலிருந்து அவனைத் திருப்பத்தான் அடியார் கதைகளைச் சொல்லத் தொடங்கினார், அதுவே பெரியபுராணம் ஆனது என்று சொல்வார்கள். அந்தக் காலத்துக் கவனச் சிதறலைப் பாருங்கள். ராஜா காவியம் படித்துக் கெட்டுப்போகிறாராம்! என் வீட்டுப் பையன் ரீல்ஸை விட்டுவிட்டு சிந்தாமணி படித்துக் கெட்டுப்போனால், நான் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் போடுவேன்.

திருமழிசைக்கு வருவோம். இப்போது தொழிற்பேட்டை, லாரி, 2020இல் கோயம்பேடு மூடியபோது கொஞ்ச மாதம் காய்கறிச் சந்தை. அந்த ஊர் ஜகந்நாதப் பெருமாள் கோயிலில் திருமழிசை ஆழ்வாரின் திருவடி விரலில் ஒரு கண் இருக்கும், பார்த்திருக்கலாம். அதற்கு வைணவ குருபரம்பரையில் ஒரு கதை. சைவ நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இது அந்த வீட்டுக் கதை. ஆழ்வார் உட்கார்ந்து கந்தல் துணியைத் தைத்துக்கொண்டிருக்கிறார். மேலே ரிஷப வாகனத்தில் சிவனும் பார்வதியும் போகிறார்கள். இவர் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. இறங்கி வந்து என்ன வரம் வேண்டும் என்கிறார் சிவன். மோட்சம் கொடுப்பீரா? அது என் கையில் இல்லை. சாவைத் தள்ளிப்போடுவீரா? அதுவும் இல்லை. அப்படியானால் இந்த ஊசி போகிற வழியில் நூலும் போகும்படி செய்யும், போதும் என்கிறார் ஆழ்வார். கேலிதான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, இவர் கால்விரலில் ஒரு கண்ணைத் திறக்க, பெரிய ரகளையாகி, கடைசியில் சிவனே மெச்சி பக்திசாரர் என்று பெயர் கொடுத்துவிட்டுப் போகிறார். பிறகு கொங்கணச் சித்தர் வந்து இரும்பைப் பொன்னாக்கும் குளிகையை நீட்டினார். அதையும் வாங்கவில்லை.

நெற்றிக்கண் சண்டையை விடுங்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தையல்தான். வானத்தில் அவ்வளவு பெரிய காட்சி ஓடுகிறது, இவர் கையில் பாதி தைத்த கந்தல். வரம் கேட்கச் சொன்னபோது கூட, கையில் இருந்த வேலையைத் தாண்டி எதுவும் வாயில் வரவில்லை.

இனி நம்ம பூந்தமல்லிக்காரர். திருக்கச்சி நம்பி. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில், இவரை வைத்துத்தான் அதற்குப் பெருமை. வைசியக் குடும்பம், வியாபாரம். அப்பா வீரராகவர் தன் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுத்தார். மற்றவர்கள் வியாபாரத்தில் போட்டுப் பெருக்கினார்கள். நம்பி நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குப் பூவாகச் செலவு செய்துவிட்டார். அப்பா முதல் கேட்டபோது என்ன நடந்திருக்கும் என்று பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் கடை வைத்திருக்கும் எந்த அப்பாவையும் கேட்டால் சொல்லிவிடுவார்.

பூவைக் காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு எடுத்துப் போவார். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தினமும் நடந்தார் என்று ஊரில் சொல்வார்கள். இந்த இடத்தில் ஜிபிஎஸ்ஸை எடுத்து நேரம் போட்டுப் பார்க்கிற ஆட்கள் நம் கூட்டத்தில் உண்டு. பின்னாளில் காஞ்சியிலேயே தங்கி வரதருக்கு ஆலவட்டம் வீசினார். ஏன் காஞ்சி? அதற்கும் காரணம் வைத்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்குக் காவிரிக் காற்று இருக்கிறது, திருமலைப் பெருமாளுக்கு மலைக் காற்று இருக்கிறது, அவர்களுக்கு விசிறி எதற்கு? பிரம்மாவின் யாகத் தீயிலிருந்து வந்தவர் வரதர். அவருக்குத்தான் வெக்கை. எங்கே தேவை இருக்கிறதோ அங்கே போய் நின்றார் மனிதர். வீசிக்கொண்டிருந்தவரிடம் பெருமாள் பேசவும் செய்தார் என்பது மரபு.

ஒருநாள் நம்பி தனக்கு மோட்சம் உண்டா என்று கேட்டதாகவும், நீ வீசினாய், அதற்கு நான் பேசினேன், கணக்கு நேராகிவிட்டதே என்று பெருமாள் கையை விரித்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. வியாபாரிப் பிள்ளையிடம் வியாபாரக் கணக்கே பேசிவிட்டார்.

1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் இந்த நம்பியைத்தான் குருவாக வரித்தார். நம்பி தன் குலத்தைச் சொல்லி ஒதுங்கினார். அவர் சாப்பிட்ட மிச்சத்தையாவது உண்ண வேண்டும் என்று ராமானுஜர் விருந்துக்கு அழைத்து, ராமானுஜரின் மனைவி எச்சில் இலையை எறிந்து இடத்தைக் கழுவிவிட்ட கதை எல்லாரும் அறிந்தது. சாதி அன்றைக்கும் எவ்வளவு சரளமாக வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

அந்த ராமானுஜர் ஒரு நாள், என் மனசில் சில கேள்விகள் இருக்கின்றன, வரதரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கேள்வி என்னவென்று கூடச் சொல்லவில்லை. நம்பி போய், விசிறிக்கொண்டே கேட்டு, ஆறு பதில்களோடு வந்தார். பரம்பொருள் தானே என்பது ஒன்று. ஜீவனும் பரமனும் வேறு என்பது ஒன்று. சரணாகதியே வழி என்பது ஒன்று. உடல் விழுந்ததும் மோட்சம், பெரிய நம்பியை ஆசாரியனாகக் கொள் என்பவை இன்னும் இரண்டு. வைணவத் தத்துவத்துக்கே அச்சாணி என்று பெரியவர்கள் இவற்றை விரித்துச் சொல்வார்கள். எனக்கு வேண்டியது ஆறில் ஒன்று. சரணடைந்தவனுக்கு அந்திம ஸ்மிருதி வேண்டாம். அதாவது, சாகும் தறுவாயில் பெருமாளை நினைத்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய, எதிர்ப்பக்கம் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். கீதையின் எட்டாம் அத்தியாயத்தில், கடைசி நேரத்தில் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று வருகிறது. அப்படியானால் வாழ்நாள் முழுக்கப் பயிற்சி எடுத்துவிட்டு, அந்த ஒரு நிமிஷத்தில் மனசு கொஞ்சம் நழுவினால் போச்சு. கவனச் சிதறல் என்பது அப்போது எரிச்சல் தரும் பழக்கமாக மட்டும் இருக்காது, பயமாகவே ஆகிவிடும்.

என் அம்மா விளக்கேற்றாத சாயந்திரம் எனக்கு நினைவில்லை. சனிக்கிழமை விரதம், புரட்டாசியில் தளிகை, எதையும் விட்டவளில்லை. ஐசியுவில் கடைசியாக நினைவோடு பேசினது என்னிடம்தான். "கேஸ் புக் பண்ணிட்டியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு பெரியம்மா, "இத்தனை வருஷம் பூஜை பண்ணினா, கடைசியில நாராயணான்னு வாயில வரலையேடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையான கவலை. அது எனக்குள் முள்ளாகவே கிடந்தது.

நம்பி கொண்டுவந்த பதிலைப் பிறகு ஒரு உபன்யாசத்தில் கேட்டேன். வராக சரம சுலோகத்தின் கருத்தையும் அதோடு சேர்த்துச் சொன்னார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவன், கட்டை போல, கல் போல விழுந்து கிடக்கும்போது, அவனை நான் நினைத்துக்கொள்கிறேன் என்கிறார் பெருமாள். நினைக்கிற பொறுப்பே கை மாறிவிடுகிறது. பெரியாழ்வாரும் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தார். அந்த நேரத்தில் முடியுமோ முடியாதோ என்று, திருவரங்கத்துப் பெருமாளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுகிறார். அன்று ராத்திரி பெரியம்மாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்கம்மா கேஸ் புக் பண்றதும் பெருமாளுக்குத் தளிகை பண்ணத்தானே" என்றாள். நான் அதுவரை அப்படி யோசித்திருக்கவில்லை.

சைவத்தில் இதற்கு இடம் உண்டா என்று திருமுல்லைவாயிலில் இருக்கும் நண்பரைக் கேட்டேன், தேவாரம் முறையாகக் கற்றவர். சுந்தரரை விட்டுவிட்டுப் பேசாதே என்றார். உலகத்துக்குள் அவரைவிட அதிகம் இழுபட்டவர் யார்? திருவாரூரில் ஒரு மனைவி, திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் பிரிய மாட்டேன் என்று சத்தியம், அதை மீறியதால் கண் பார்வை போனது. கண் தெரியாமல் தட்டுத் தடுமாறி வந்து பாடியதுதான் நம்ம திருமுல்லைவாயில் பதிகம், அதில் சங்கிலியையும் குறிப்பிடுகிறார். அந்த மனிதர்தான் கொடுமுடியில், தான் மறந்துபோனாலும் தன் நாக்கு அந்தப் பெயரைச் சொல்லிவிடும் என்று பாடியவர். மனசை நம்பவில்லை, பழகிய நாக்கை நம்பினார் என்றார் நண்பர். அதற்கு மேல், சைவத்துக்கும் வைணவத்துக்கும் இது எங்கே பிரிகிறது என்று ஒரு மணி நேரம் பேசினார். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஆவடியில் இறங்குவதற்குள் மறந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். திருமழிசை ஆழ்வாருக்குத் தை மகம், திருக்கச்சி நம்பிக்கு மாசி மிருகசீரிடம், பூசலாருக்கு ஐப்பசி அனுஷம், மூர்க்கருக்குக் கார்த்திகை மூலம். பூந்தமல்லி கோயிலில் வரதரோடு அரங்கநாதரும் சீனிவாசரும் தனித்தனியாக இருக்கிறார்கள், மூன்று பேரையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். திருநின்றவூருக்கு மின்சார ரயில் வசதி. பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் அதே ஊர்தான், நடை சாத்துவதற்குள் இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஸ்டேஷன் வாசலில் மனைப்பிரிவு நோட்டீஸ் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.